‘இதோ, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்!’ - மூளையும் சிறுநீர்ப்பையும் பேசிக்கொள்ளும் கதை

குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் வேன். விடியற்காலை நான்கரை மணி. ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த காபியை ஆளாளுக்கு ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அத்தை மட்டும் டம்ளரைக் கையால் மூடிக்கொள்கிறார்.

“ஏன் அத்தை, அரை டம்ளராவது குடிங்களேன்?”

“வேணாம்மா. குடிச்சா நடுவுல வண்டிய நிறுத்தச் சொல்லணும். இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க, எப்படிச் சொல்றது?”

இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு. அத்தைக்கு ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும். கோயில், கல்யாணம், துக்க வீடு என்று எங்கே கிளம்பினாலும் ‘அங்கே பாத்ரூம் வசதி இருக்குமா’ என்பதுதான் அவருடைய முதல் கவலை. இன்னும் சில வருடங்கள் போனால், ‘நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்’ என்பார். முட்டிவலி என்று காரணம் சொல்வார். இருமினால் சேலை நனைகிறது என்பதையோ, கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடுகிறது என்பதையோ பெற்ற மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்.

சொல்லாமல் இருப்பதில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. ‘யூரின் பிரச்னை’ என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது, உடம்பில் நாலைந்து வெவ்வேறு இடங்களில் ஏற்படும் பழுதாக இருக்கலாம். சில நேரம் மூளையில், சில நேரம் முதுகுத்தண்டில், சில நேரம் சர்க்கரை நோய் அரித்த நரம்பில். வெளியே தெரிவதென்னவோ ஒரே இடத்தில்தான்.

ஒரு பை, இரண்டு கதவுகள்

சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வே இல்லாமல் வேலை செய்து, ஒரு நாளைக்குச் சுமாராக ஒன்றரை லிட்டர் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே இருக்கின்றன. அதைத் தேக்கிவைக்கும் பைதான் சிறுநீர்ப்பை. பெரியவர்களுக்கு 400 முதல் 500 மில்லி வரை அதில் தேங்கும். பலூன் மாதிரி விரிந்து கொடுக்கும் இந்தப் பையின் சுவர் முழுக்கத் தசை. பையின் வாயில் இரண்டு கதவுகள். உள்கதவு தானாகவே மூடியிருக்கும், அதன் மேல் நமக்கு அதிகாரம் கிடையாது. வெளிக்கதவு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ‘அடக்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லும்போது நாம் இறுக்குவது இந்த வெளிக்கதவைத்தான்.

பை நிரம்பும்போது முதுகுத்தண்டின் நடுப்பகுதியில் இருந்து வரும் நரம்புகள், பையின் தசையைத் தளர்வாகவும் உள்கதவை இறுக்கமாகவும் வைத்திருக்கின்றன. 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் மேலே முதல் தகவல் போகும். ‘வந்திருக்கு, ஆனால் அவசரமில்லை’ என்கிற அளவில்தான் அந்தத் தகவல் இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அதைக் கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் இருக்கிறோமா, கிளாஸில் இருக்கிறோமா, மாமனார் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து, ‘கொஞ்சம் பொறு’ என்று திருப்பி அனுப்பும். 300, 400 மில்லி ஆனதும் தகவல் உரக்க வரும். அப்போதும் கடைசி வார்த்தை முன்மூளையுடையதுதான்.

சரியான இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு முன்மூளை தடையை விலக்குகிறது. உடனே மூளைத்தண்டில், ‘பான்ஸ்’ என்ற பகுதியில் இருக்கும் ஒரு சுவிட்ச் இயங்குகிறது. வெளிக்கதவு தளர்கிறது, உள்கதவு திறக்கிறது, அடுத்த நொடி பையின் தசை சுருங்கிச் சிறுநீரை வெளியே தள்ளுகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புகள், இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியில் இருந்து வருகின்றன. இந்த வரிசை முக்கியம். கதவு திறக்காமல் தசை சுருங்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

மூளைத்தண்டில் இப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது என்பதை 1925-ல் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில் காட்டியவர் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான்.

கைக்குழந்தைக்கு இந்தச் சுவிட்சை அடக்கிவைக்கும் முன்மூளை இன்னும் முதிர்ந்திருக்காது. நிரம்பியதும் போய்விடும். அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘உஸ்ஸ்ஸ்...’ என்று சத்தம் கொடுப்பது, சத்தத்தையும் சிறுநீரையும் முடிச்சுப்போட்டுப் பழக்கும் வேலை. குழாயைத் திறந்தாலே பெரியவர்களுக்கும் முட்டிக்கொண்டு வருவது இதே வகைப் பழக்கம்தான். இரண்டு, மூன்று வயதுக்கு மேல் பகலில் கட்டுப்பாடு வந்துவிடும். இரவில் வர இன்னும் நாளாகும். ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதன் பிறகும் நனைக்கும் குழந்தையைத் திட்டுவதும் அடிப்பதும் வீண். தூக்கத்தில் அந்தத் தகவல் மூளையை எழுப்பவில்லை என்பதுதான் விஷயம். அடி வாங்கினால் நரம்பு சீக்கிரம் முதிர்ந்துவிடாது. ஆனால், பல மாதங்கள் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தால், சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மனதில் ஏதாவது பயம் என்று காரணம் தேடிப் பார்க்க வேண்டும்.

விருந்தில் எழுந்திருக்காத விஞ்ஞானி

வேனில் அத்தைக்கு இருந்த கூச்சம் நம்மூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. டைகோ பிராஹி, டென்மார்க்கைச் சேர்ந்த புகழ்பெற்ற வானியல் அறிஞர். 1601 அக்டோபரில் பிராக் நகரில் ஒரு பிரபுவின் விருந்துக்குப் போனார். விருந்து நடக்கும்போது எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் கழிக்க முடியவில்லை. வலியும் ஜுரமும் பிதற்றலுமாகப் பதினோரு நாள் கிடந்து இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் பேச்சு எழுந்ததால், 2010-ல் உடலைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். சாகடிக்கும் அளவுக்குப் பாதரசம் உடலில் இல்லை என்று தெரிந்தது.

ஒரு விருந்தில் அடக்கியதால் மட்டும் ஆரோக்கியமான ஒருவர் இறந்துவிட மாட்டார். பிராஹிக்கு ஏற்கெனவே ஏதோ அடைப்பு இருந்திருக்கலாம். ஆனால், தினமும் அடக்குவதைப் பழக்கமாகவே வைத்திருப்பவர்களுக்குக் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது, பை முழுசாகக் காலியாகாமலும் போகலாம். பள்ளி ஆசிரியைகள், டிராஃபிக் போலீஸார், ஜவுளிக்கடைப் பெண்கள் என்று அப்படி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட ஊரில், பாத்ரூம் போக எத்தனை முறை அனுமதி கேட்க முடியும்?

லைனில் எங்கே பழுது?

மூளையில் இருந்து பை வரைக்கும் போகும் இந்தத் தொடர்பில், எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதைப் பொறுத்துத் தொல்லையின் முகம் மாறும்.

மேலே, மூளையில் பழுது என்றால் ‘பொறு’ என்று சொல்ல ஆள் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்கள் திடீரென்று எழுந்து பாத்ரூமை நோக்கி ஓடுவதற்கும், போய்ச் சேர்வதற்குள் நனைத்துவிடுவதற்கும் காரணம் இது. பை நிரம்பும் முன்பே தசை துள்ளிச் சுருங்குகிறது. ‘தாத்தா வேணும்னே பண்றார்’ என்று சலித்துக்கொள்ளும் வீடுகளில் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நரம்புக் கோளாறு எதுவும் இல்லாத பலருக்கும் இந்த அவசரம் வருவதுண்டு. அதற்கு ‘ஓவர்ஆக்டிவ் பிளாடர்’ என்று பெயர். பூட்டில் சாவியை நுழைக்கும்போதே தாங்க முடியாமல் வருவது அதன் அடையாளங்களில் ஒன்று.

நடுவில், முதுகுத்தண்டில் அடிபட்டால் விஷயம் ரொம்பவும் தீவிரம். தென்னையில் இருந்து விழுந்தவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர் என்று ஊருக்கு ஊர் உதாரணம் இருக்கும். அடிபட்ட முதல் சில வாரங்களுக்குப் பை செயலிழந்து, சிறுநீர் தேங்கிக்கொண்டே போகும். பிறகு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி, மூளையைக் கேட்காமல் தானாகவே பையைச் சுருங்க வைக்கத் தொடங்கும். ஆனால், கதவுக்கும் தசைக்கும் நடுவில் ஒத்திசைவை ஏற்படுத்துவது மூளைத்தண்டின் வேலை அல்லவா? அந்தத் தொடர்பு அறுந்துவிட்டதால், தசை சுருங்கும் அதே நேரத்தில் கதவும் இறுகும். மூடிய கதவை முட்டிய சிறுநீரின் அழுத்தம் மேலே ஏறி, சிறுநீரகங்களையே பாழாக்கிவிடும்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தது படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், இந்த இரண்டையும் முறையாகக் கவனித்தாலே இவர்கள் பல காலம் வாழ்வார்கள் என்று காட்டினார். பாராலிம்பிக்ஸ் போட்டிகளுக்கு விதை போட்டவரும் இதே குட்மன்தான்.

1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லேபிடிஸ், அதைவிட எளிமையான ஒரு வழியைச் சொன்னார். நாளுக்கு நாலைந்து முறை, நோயாளியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, குழாயை எடுத்துவிடலாம் என்றார். ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் வேண்டாம், கையையும் குழாயையும் சுத்தமாகக் கழுவினால் போதும் என்றார். கொஞ்சம் கிருமி உள்ளே போவதைவிட, பை அளவுக்கு மீறி உப்பிக் கிடப்பதுதான் அதிகக் கெடுதல் என்பது அவர் வாதம். அன்றைக்குப் பல டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். இன்று உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எந்நேரமும் குழாயும் பையும் தொங்க நடமாடிக்கொண்டிருந்தவர்களை வேலைக்கும் கல்யாண வீட்டுக்கும் போக வைத்தது இந்த ஒரு மாற்றம்.

நம் ஊரில் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி-யில் பணியாற்றிக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954-ல் நடந்த ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இப்படிப்பட்ட மையங்களில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, சிறுநீரைத் தானே எப்படிக் கையாள்வது என்பது.

கடைசியாக, பையின் அருகில் இருக்கும் நரம்பு. பல வருடச் சர்க்கரை நோய் காலில் உணர்ச்சியைக் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். அதேபோல பையின் உணர்ச்சியையும் குறைக்கும். 400 மில்லி ஆனாலும் தகவல் போகாது, 700 ஆனாலும் போகாது. வலியும் இருக்காது. முழுசாகக் காலியாகாத பை, நிரம்பி வழியும் தொட்டி மாதிரி கசிய ஆரம்பிக்கும். ‘எனக்கு அடிக்கடி போகுதே, அப்ப நல்லாத்தானே வேலை செய்யுது’ என்று நினைக்க வைக்கும் ஏமாற்று இது. தேங்கிய நீரில் அடிக்கடி தொற்று வருவதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தப் பிரச்னையே தெரியவருகிறது.

இருமினால் கசிவது வேறு

இருமினால், தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் கசிகிறதா? இதில் மூளைக்குப் பங்கு குறைவு. பையையும் கர்ப்பப்பையையும் தொட்டில் மாதிரி தாங்கிப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசைகள், பிரசவங்களாலும் வயதாலும் தளர்ந்திருக்கும். அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-ல் பிரபலமாக்கியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர்.

காற்றுப் பிரியாமல் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவோமோ, அதைத்தான் இறுக்க வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்தி, ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதே செய்துவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இரண்டே வாரத்தில் ‘ஒண்ணும் ஆகலையே’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வது கூடாது, அது பையைக் காலியாகவிடாமல் பழக்கிவிடும். கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நீர்க்கடுப்பு, அதாவது எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போவது, இன்னொரு தனி விஷயம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டர்தான், ஆண்களுக்குச் சுமார் இருபது. கிருமிகள் பெண்களிடம் சுலபமாக உள்ளே ஏறிவிடுவது அதனால்தான். ‘உடம்பு சூடு’ என்று கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சுண்ணாம்பு பெருவிரலோடு நின்றுவிடும், கிருமி இருக்கும் இடத்துக்குப் போகாது. குளிர்ஜுரமோ முதுகின் பக்கவாட்டில் வலியோ சேர்ந்து வந்தால், தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆண்கள் சொல்லாதது

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்குவதுதான் தொல்லை. வேகம் குறையும், தொடங்க நேரமாகும், முடிந்த பிறகும் சொட்டும். இவர்களில் சிலருக்கு ஒரு சாதாரண ஜலதோஷ மாத்திரையே வினையாக முடியும். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து பையின் கதவை இறுக்கும். கூடவே சேர்ந்திருக்கும் அலர்ஜி மருந்து பையின் தசையைச் சோம்பலாக்கும். இரவு மாத்திரை போட்டுப் படுத்தவர், விடிவதற்குள் ஒரு சொட்டுகூடப் போக முடியாமல் அடிவயிறு கல்லாகி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும். மெடிக்கலில் ‘சளிக்கு ஒண்ணு குடுங்க’ என்று வாங்கும்போது புராஸ்டேட் தொல்லை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவில் இரண்டு, மூன்று முறை எழுந்திருப்பதற்கு எப்போதும் புராஸ்டேட்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதது, குறட்டையோடு மூச்சு தடைப்படும் கோளாறு, மாலையில் போடும் நீர் மாத்திரை, பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர் படுத்ததும் இறங்குவது என்று பல காரணங்கள் உண்டு. நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டாலே சிலருக்குப் பாதித் தூக்கம் திரும்பிவிடும். இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் வயதானவர்களுக்கு இதில் உள்ள பெரிய ஆபத்து. பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மூன்று நாள் நோட்டு

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு பழைய நோட்டில் மூன்று நாளைக்குக் குறித்துவைக்கலாம். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள் என்று எழுதினால் போதும். அளக்க ஒரு பழைய மக் இருந்தால் சரி. வாயால் சொல்லக் கூசுபவர்கள் நோட்டை நீட்டிவிடலாம். இருமும்போது கசிகிறதா, ஓடும்போது கசிகிறதா, தெரியாமலே கசிகிறதா என்பதில் பாதி நோய் பிடிபட்டுவிடும். மீதிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை அளவு, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஆகியவை கைகொடுக்கும். நரம்புக் கோளாறு என்று சந்தேகம் வந்தால், பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை தேவைப்படலாம்.

அவசரமாக வரும் தொல்லைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடுபவர், அதை ஒன்றேகால் மணி நேரமாக்கி, பிறகு ஒன்றரை ஆக்கி, சில வாரங்களில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி. காபி, டீயைக் குறைப்பதும், மலச்சிக்கலைச் சரிசெய்வதும் கூடவே நடக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது. அடர்த்தியான சிறுநீர் பையை எரிச்சலூட்டி இன்னும் அதிகமாக ஓட வைக்கும். மாத்திரைகளில் சில வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் தரும், வயதானவர்களுக்கு நினைவைக் குழப்பவும் செய்யும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. மாத்திரைக்கு அடங்காவிட்டால் பையின் சுவரில் போடும் போடாக்ஸ் ஊசி, கணுக்காலுக்கு அருகே ஓடும் நரம்பைத் தூண்டும் சிகிச்சை என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன.

நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்டிவிட வேண்டும். முதுகுவலியோடு கால் பலவீனமாகி, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றாலோ, போவதே தெரியாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் நுனியில் குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றையை விலகிய ஜவ்வு நசுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூட அந்த நரம்புகளை நிரந்தரமாகச் செயலிழக்க வைத்துவிடக்கூடும். ‘காலையில பார்த்துக்கலாம், இப்ப ஒரு தைலம் தேய்ச்சுவிடு’ என்று படுத்துவிடக் கூடாத இரவு அது.